மூளிக் குதிரையின் இடது காது

வழிகாட்டித் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் சிலர் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். கையில் மைக், கழுத்தில் அடையாள அட்டை, காலில் வெள்ளை வெளேரென்று பூட்ஸ். "ஐயா, உங்க அனுபவத்துலேருந்து நாலு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டீர்கள். நானும் ஆரம்பித்தேன். பாதியில் ஒருவருக்குப் போன் வந்தது, எல்லோரும் எழுந்து போய்விட்டீர்கள். அதனால் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். படிக்கும்போது நடுவில் எழுந்து போனாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

முதலில் ஒரு சின்ன விஷயம். கங்கைகொண்ட சோழபுரத்தில் சிங்கக் கிணற்றைக் காட்டும்போது, அதற்குள்ளிருந்து ஒரு சுரங்கப்பாதை தஞ்சாவூர் வரைக்கும் போகிறது என்று நீங்கள் சொல்வதை ஒருநாள் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கேட்டேன். நான் இந்தத் தொழிலுக்கு வந்த எழுபதுகளில் அந்தச் சுரங்கம் உடையார்பாளையம் வரைக்கும்தான் போய்க்கொண்டிருந்தது. கும்பகோணத்திலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூடக் கூட்டத்தைச் சந்தோஷப்படுத்துவதற்காக அதைக் கும்பகோணம் வரை நீட்டியவன் நான். அதற்கு மேல் தோண்டியது உங்கள் உழைப்பு. சென்னையை எட்டுவதற்குள் யாராவது ஒருவர் நிறுத்திவிட்டால் நல்லது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கதை இல்லாமல் நம் தொழில் இல்லை. வெயிலில் வந்து நிற்கிற மனிதருக்குக் கல்லைக் காட்டினால் கல்தான் தெரியும். கதை சொன்னால் நிழல் மாதிரி கொஞ்ச நேரம் அதில் நிற்பார். ஆனால் கதையை எப்போது சொல்வது என்பதைவிட, எப்போது வாயை மூடிக்கொள்வது என்பதுதான் கடினமான பாடம். அதை எனக்குக் கற்பித்தது ஒரு குதிரை. கூடவே, பெயர் சொல்லக் கூடாத ஒரு அம்மாளும், பெயர் சொல்லப் பயப்படுகிற என் மாமியாரும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. திருச்சியில் ஒரு டிராவல்ஸில் இருந்தேன். அம்பாசடர் காரை ஓட்டுவதும் நான், கதை சொல்வதும் நான். விக்கிரமங்கலம் என் சொந்த ஊர் என்பதால் பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கம் யார் போவதென்றாலும் முதலாளி என்னைத்தான் கூப்பிடுவார். ஒருநாள், "பிஜித் தீவுலேருந்து ஒரு அம்மா வந்திருக்காங்க. நாலு நாள் கார் வேணுமாம். தமிழ் பேசுறாங்க, உனக்கு லேசான வேலைதான்" என்றார். என் வாழ்நாளில் அதைவிடக் கனமான வேலை எனக்கு வந்ததில்லை.

அறுபதைத் தாண்டிய அம்மாள். பூப்போட்ட முழுக்கவுன், காலில் கான்வாஸ் ஷூ, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. காரின் பின்கதவைத் திறந்து பிடித்தேன். "பின்னால உக்காந்தா நீ சொல்றது கேக்காது" என்று சொல்லிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டார்.

முதல் நாள் ரஞ்சன்குடி கோட்டை. எனக்குத் தெரிந்த போர், முற்றுகை, பீரங்கி எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவர் அகழிச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் சொல்ற தம்பி. ஆனா நடுவுல ஒரு எடத்துல நிறுத்தணும். நீ நிறுத்துனாத்தான் அவுங்க தலையத் தூக்கி மேல பாப்பாங்க. அப்புறம், இந்தக் கோட்டைக்குப் பேய் கெடையாதா?"

"இல்லீங்களேம்மா."

"கோட்டைன்னா ஒரு பேய் வேணும்யா. ஒண்ணு வச்சிக்க."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் தீவில் அவரும் நம் தொழில்தான். கப்பலில் வருகிற வெள்ளைக்காரர்களைப் படகில் ஏற்றி, பக்கத்தில் இருக்கிற குட்டித் தீவுக்கு அழைத்துப் போவார். அங்கே ஒரு அருவி, அருவிக்குக் கீழே ஒரு குட்டை. தலைவனின் மகள் காதலனுக்காக அந்தக் குட்டையில் காத்திருந்தாளாம், அதில் சிப்பி போடுகிறவர்கள் கட்டாயம் திரும்பி வருவார்களாம்.

"உண்மைங்களாம்மா?" என்று கேட்டேன்.

"எங் கொழுந்தன் கரையில சிப்பிக் கடை வச்சிருந்தான். அந்தப் பொண்ணு எங் கொழுந்தனுக்காகத்தான் காத்திருந்தா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். "இப்ப என்னடான்னா அந்தத் தீவுச் சனமே சிப்பி போடுது. கதை எப்படிப் பொறக்குதுன்னு எனக்குத் தெரியும் தம்பி. பிரசவம் பாத்தவ நான். அதனால என்கிட்ட மட்டும் கதை சொல்லாத."

சாத்தனூரில் கல்மரத்தைக் காட்டினேன். மரம் கல்லாகிப் படுத்துக் கிடக்கிற அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நின்று, இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்றேன். அது கதை இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் வறண்டு கிடந்த ஓடையையும், அதில் மேய்ந்த இரண்டு ஆடுகளையும் பார்த்தார். "அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே ஊருதான். எங்க கடல் இன்னும் கெளம்பல, அவ்ளோதான்" என்றார்.

அந்தக் கல்மரத்தருகே உட்கார்ந்துதான் வந்த காரியத்தைச் சொன்னார். அவருடைய அம்மா சின்ன வயதில், கல்யாணமான புதிதில், கரும்புத் தோட்ட வேலைக்கு ஆள் பிடிக்கிறவர்கள் பேச்சை நம்பிப் புருஷனோடு கப்பல் ஏறியவர். அவர்கள் சொந்த ஊரில் ஒரு பழக்கம் இருந்தது. வெளியூர் போகிறவர்கள் அய்யனார் கோயில் குதிரையின் காதில் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். போய்ச் சேர்ந்த சேதியையும் திரும்பி வந்து அதே காதில் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் குதிரை காத்துக்கொண்டே நிற்கும், உட்காராது. அவருடைய அம்மா திரும்பி வரவே இல்லை. ஊர்ப் பெயரையும் சொன்னதில்லை, கடைசி வரைக்கும் "நம்மூரு" என்றுதான் சொல்லியிருக்கிறார். உடையார்பாளையம் தாலுகா, ஏரிக்கரையில் ஏறினால் பெரிய கோயில் கோபுரம் தெரியும், குதிரைக்கு இடது காது கிடையாது. இவ்வளவுதான் அடையாளம்.

"போன வருசம் அம்மா செத்துப்போச்சு. சாவுறதுக்கு மொத நாளு என் கையப் புடிச்சிக்கிட்டு, ‘அந்தக் குதிர இன்னும் நிக்கிதுடி, நீ போயி நான் சேந்துட்டேன்னு சொல்லிட்டு வா’ன்னு சொல்லிச்சு. வேற ஒண்ணும் கேக்கல. நகை கேக்கல, நட்டு கேக்கல." கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எவனாச்சும் ஒரு குதிரயக் காட்டி இதுதான்னு சொல்லிட்டா நான் ஏமாந்துருவேன்னு நெனைக்காத. வேற குதிர காதுல சொன்னா எங்கம்மாவுக்குச் சொன்னதா ஆவாது. நாலாம் நாள் சாயங்காலம் அரியலூர்ல ரயில் ஏறணும். அதுக்குள்ள காட்டு."

சுற்றிக் காட்டுகிறவனுக்கு இதைவிடக் கஷ்டமான வாடிக்கையாளர் அமைய முடியாது. கதை எப்படித் தயாராகிறது என்று தெரிந்தவர், கதை அல்லாத ஒன்றைக் கேட்கிறார்.

இரண்டாம் நாள் மீன்சுருட்டிப் பக்கம் தேடினோம். ஒரு ஊரின் டீக்கடையில் காரை நிறுத்தி, நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "இடது காது இல்லாத குதிரை இந்தப் பக்கம் எங்கயாச்சும் இருக்குதுங்களா? பிஜியிலேருந்து வந்திருக்காங்க" என்று சத்தமாகக் கேட்டேன். டீ ஆறுவதற்குள் ஒருவர் சைக்கிளில் பறந்தார். நாங்கள் அவர்கள் ஊர்க் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கே நின்ற குதிரைக்குத் தலையில் புத்தம்புதுத் துண்டால் பெரிய தலைப்பாகை கட்டியிருந்தார்கள். இடது பக்கம் மட்டும் நன்றாக இறக்கிக் கட்டியிருந்தது.

"பாருங்கம்மா, காதே இல்ல" என்றார் ஒருவர், கண்ணிமைக்காமல்.

அந்தம்மா கிட்டே போய்த் தலைப்பாகையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். உள்ளே காது, புது மாப்பிள்ளை மாதிரி ஒளிந்துகொண்டிருந்தது. கூட்டம் முழுக்கச் சிரித்துவிட்டது, கட்டியவரும் சேர்ந்து சிரித்தார். அந்தம்மாவும் சிரித்தார். ஆனால் காரில் ஏறியதும் கதவை இழுத்துச் சாத்தினார். அப்புறம், "எம் பொழப்ப எனக்கே காட்டுறாங்க" என்றார்.

அப்போது எனக்கு உறைத்தது. ஜெயங்கொண்டத்துக்குத் தெற்கே என் மாமனார் ஊர். அந்த ஊர் ஏரிக்கரையில் ஏறினால் கோபுரம் தெரியும். என் கல்யாணத்துக்கு மறுநாள் அய்யனார் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போனபோது, அங்கே சுண்ணாம்பும் செங்கலுமாகப் பழைய குதிரை ஒன்று தலையைக் குனிந்து நின்றது. ஊரில் அதற்கு மூளிக் குதிரை என்றே பெயர். இடது காது இருந்த இடத்தில் வெறும் மொட்டைதான் இருக்கும்.

மாமனார் ஊராக இருந்தும் ஏன் முதலிலேயே நினைவு வரவில்லை என்று கேட்பீர்கள். கல்யாணமாகும்போது உங்களுக்கே புரியும்.

இங்கேதான் நம் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியத்தை நானும் செய்தேன். போகிற இடத்துக்கு முன்கூட்டிச் சொல்லி வைப்பது. கோயில் பூட்டியிருக்கக் கூடாது, பூசாரி ஊரில் இருக்க வேண்டும், குடிக்கத் தண்ணீர் வேண்டும். ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் அந்த ஊர் வழியாகப் போகிற பஸ்ஸின் கண்டக்டரிடம், "பிஜித் தீவுலேருந்து ஒரு அம்மா மூளிக் குதிரயப் பாக்க வர்றாங்க, நாளன்னிக்குக் காலைல வர்றோம்னு பிரசிடெண்ட்கிட்டச் சொல்லிடுங்க" என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாள் கங்கைகொண்ட சோழபுரத்துப் பெரிய கோயிலைச் சாவகாசமாகச் சுற்றிக் காட்டினேன். சுரங்கப்பாதையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

நாலாம் நாள் காலையில் ஊர் எல்லையில் மேளம் கேட்டது. தோரணம், மாலை, சர்பத். பஞ்சாயத்து பிரசிடெண்ட் சலவை வேட்டியில் நின்றார். "வாங்க மாப்ள, வாங்கம்மா" என்று கோயில் வரைக்கும் அழைத்துப் போனார். குதிரை பளீரென்று வெள்ளைப் பெயிண்டில் நின்றது. கழுத்தில் சிவப்பு, பச்சை என்று பட்டைகள். தலையில் இரண்டு காதுகள்.

நான் இரண்டு தடவை பார்த்தேன். இரண்டுதான்.

"எப்படி மாப்ள?" என்றார் பிரசிடெண்ட். "கடல் தாண்டி வர்றவுங்களுக்கு மூளிக் குதிரயக் காட்டுனா நம்ம ஊரு மானம் என்னாவறது? ரெட்டிபாளையத்துலேருந்து கொத்தனாரக் கூட்டியாந்து நேத்தே காது வச்சாச்சு. சிமெண்டு. இனிமே நூறு வருசம் ஆனாலும் அசையாது."

இப்படி ஒரு மரியாதையை எந்தத் தீவிலும் யாரும் யாருக்கும் செய்திருக்க மாட்டார்கள். எந்த அடையாளத்தைத் தேடி ஒருவர் கடல் கடந்து வருகிறாரோ, அந்த அடையாளத்தை அவருக்கு மரியாதையாக அழித்து வைத்திருந்தார்கள். திட்டவும் முடியவில்லை. அந்த மனிதரின் முகத்தில் அவ்வளவு பெருமை.

அந்தம்மா குதிரையைச் சுற்றி வந்தார். "ரெண்டு காது இருக்கே" என்றார்.

"முந்தாநாள் வரைக்கும் ஒண்ணுதான்மா. உங்களுக்காகத்தான் வச்சோம்" என்றார் பிரசிடெண்ட்.

"முந்தாநாள் ஒருத்தர் தலப்பா கட்டுனாரு. இன்னிக்கு நீங்க காது வச்சிருக்கீங்க." என் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்ற?"

"என் கல்யாணத்தப்ப நானே பாத்திருக்கேம்மா, ஒத்தக் காதுதான்."

"உன் எடத்துல நான் இருந்தாலும் இதத்தான் சொல்லுவேன் தம்பி." கோபமாகச் சொல்லவில்லை. அசதியாகச் சொன்னார். அதுதான் எனக்கு வலித்தது.

பிரசிடெண்டுக்கு நிலைமை புரிந்ததும் வியர்த்துவிட்டது. "கொத்தனார் இங்கதான் இருக்காரு. ஒரு தட்டு, காது கீழ வுழுந்துடும்" என்று கிளம்பினார். பூசாரி இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றார். "பெயிண்ட் அடிச்சு, பூசை போட்டு, கற்பூரமும் காட்டியாச்சு. இனிமே அதுமேல சுத்தி வைக்கணும்னா மொதல்ல என் தலையில வைங்க." இருவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். மேளக்காரர் எதற்கு வாசிப்பது என்று தெரியாமல் பொதுவாக வாசித்துக்கொண்டிருந்தார்.

பிரசிடெண்ட் என்னைக் குதிரையின் பின்பக்கம் இழுத்துப் போனார். "மாப்ள, இதுதான் அந்தக் குதிரைன்னு நீங்க கோயில் முன்னால ஒரு சத்தியம் பண்ணுங்க. கெழவி நம்பிடும். பொய்யா சொல்லப்போறீங்க? ஒத்தக் காது இருந்தது நெசந்தானே?"

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உங்களுக்கும் ஒருநாள் இது வரும். சத்தியம் செய்திருந்தால் அவர் ஒருவேளை நம்பியிருப்பார், ரயிலும் பிடித்திருப்போம், ஊரும் சந்தோஷப்பட்டிருக்கும். ஆனால் எனக்குத் தெரிந்தது குதிரைக்குக் காது இல்லாமல் இருந்தது என்பது மட்டும். அவர் அம்மா நின்றது இதன் முன்னால்தானா என்று எனக்குத் தெரியாது. இந்தத் தாலுகாவில் காது உடைந்த குதிரை இன்னும் நாலு இருக்கலாம். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லித்தான் அதுவரைக்கும் சம்பாதித்தேன், சுரங்கமே தோண்டினேன். ஆனால் சிப்பி போடுகிறவருக்குச் சொல்கிற கதை வேறு. செத்துப்போன தாயின் சேதியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவரிடம் கதை விடக் கூடாது.

அவரிடம் போய், "அம்மா, முந்தாநாள் வரைக்கும் இதுக்குக் காது இல்ல. அது எனக்குத் தெரியும். இதுதான் உங்க குதிரையான்னு எனக்குத் தெரியாது" என்று சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் போய் இலுப்பை மரத்து நிழலில் உட்கார்ந்துகொண்டார். ஷூ கயிற்றை அவிழ்த்து, மறுபடி கட்டினார். எனக்கு வேறு வேலை இல்லாததால் மறுபடியும் குதிரைக்குப் பின்னால் போய் நின்றேன், அங்கேயும் நிழல் இருந்தது.

வெயில் ஏறியது. சர்பத் தீர்ந்தது. அவர் எழுந்து, "போவலாம் தம்பி, இவுங்களையும் வேலைக்கு வுடு" என்று சொன்ன நேரத்தில், களை எடுத்துவிட்டு வந்த பெண்கள் வரப்பு வழியாகக் கோயில் பக்கம் திரும்பினார்கள். முன்னால் வந்தவர் வேறு யாருமில்லை. என் மாமியார்.

என் மாமியாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணமான நாள் முதல் அவர் என் எதிரில் நின்று பேசியதில்லை. மரியாதை. கதவுக்குப் பின்னால் நின்று, "மாப்ளய சாப்புடச் சொல்லு" என்று மகளிடம்தான் சொல்லுவார். அவ்வளவு அடக்கமான மனுஷி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவர் குதிரையைப் பார்த்தார். களைக்கொத்தைக் கீழே போட்டார்.

"அடப் பாவிங்களா! யாருடா இதுக்குக் காத வச்சது?"

"ஏன், நல்லாத்தானே இருக்குது?" என்றார் பிரசிடெண்ட்.

"நல்லா இருக்குதா? பொம்பளைங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா? இனிமே நாங்க எங்க போயி வையறது, திட்டறது?" அவர் குரல் ஏரிக்கரை வரைக்கும் போயிருக்கும். "வேண்டுறதெல்லாம் அந்தப் பக்கம், வையறதெல்லாம் இந்தப் பக்கம். காது இல்லாத பக்கம் வஞ்சா பலிக்காதுன்னுதானே இத்தன காலமா வஞ்சிக்கிட்டு இருக்கோம்! எம் மாப்ளய நாசமாப் போவணும்னு இந்தக் கல்லுல ஏறி நின்னு எத்தினி தடவ வஞ்சிருப்பேன்! மனசு ஆறிடும், அவருக்கும் ஒண்ணும் ஆவாது. இப்ப பழக்கத் தோசத்துல வஞ்சு தொலச்சி, அது கேட்டுப்புட்டா? எம் பொண்ணு தாலி என்னாவறது?"

பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும், "ஆமா, அதச் சொல்லு" என்றார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மாமியாரோ, மருமகளோ, புருஷனோ இருந்திருக்க வேண்டும்.

நான் குதிரைக்குப் பின்னாலிருந்து மெதுவாக வெளியே வந்தேன். என் மாமியார் என்னைப் பார்த்தார். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவளின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டார். பிரசிடெண்ட் வானத்தைப் பார்த்தார். குதிரையின் இடது பக்கம் கிடந்த கல் ஏன் அவ்வளவு வழவழப்பாகத் தேய்ந்திருந்தது என்று அந்த ஊர் ஆண்பிள்ளை ஒருவருக்கும் அதுவரை தோன்றியதில்லை. பொங்கலுக்குப் பெண்டாட்டியை அனுப்பாமல் வெள்ளைக்காரர்களோடு ஊர் சுற்றியதற்கெல்லாம் அந்தக் கல் எவ்வளவு தேய்ந்திருக்கும் என்று நான் மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தம்மாவை யாரும் கவனிக்கவில்லை. அவர் என் மாமியாரிடம் வந்து நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"இந்தா ஆத்தா, இந்தப் பக்கம் நின்னு வஞ்சா பலிக்காதா?"

"எப்பிடிப் பலிக்கும்? அதுக்குத்தான் கேக்காதே."

"ஆம்பளைங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா வையவா முடியும்?"

அந்தம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகையும் சிரிப்புமாகத்தான் பேச்சு வந்தது. "தோட்டத்துல ஏர் இழுக்குற குதிர ஒண்ணு இருந்துச்சு. கங்காணி அடிச்ச அன்னிக்கெல்லாம் எங்கம்மா அதுகிட்டப் போயி, அதோட இடக்காத கையால பொத்திக்கிட்டு, வாயில வர்றதயெல்லாம் சொல்லித் திட்டும். நாங்க புள்ளைங்க சிரிப்போம், அம்மாவுக்குக் கிறுக்குன்னு சொல்லுவோம். ஏம்மா காதப் பொத்துறேன்னு கேட்டா, பலிச்சிடக் கூடாதுடி, அவனுக்கும் புள்ளகுட்டி இருக்குன்னு சொல்லும். இத நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. இந்தத் தம்பிகிட்டக் கூடச் சொல்லல."

உண்மைதான். அவர் என்னிடம் சொல்லவில்லை, அதனால்தான் நான் கண்டக்டரிடம் சொல்லவில்லை, அதனால்தான் ஊர் அதை எனக்காகத் தயார் செய்து வைத்திருக்கவில்லை. நான் சொல்லி அனுப்பியதெல்லாம் கெட்டுப்போயிற்று. சொல்லாமல் விட்ட ஒன்று மட்டும் முழுசாக வந்து எங்கள் முன்னால் நின்றது. வருகிறவர் தேடுகிற கதையை ஊருக்கு முன்கூட்டி அனுப்பாதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான். வண்டிக்கு நிழலும் குடிக்கத் தண்ணீரும் மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

காதை என்ன செய்வது என்பதை அதற்குப் பிறகு பெண்களே முடிவு செய்தார்கள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. "உங்கம்மா கையால பொத்துனாங்கன்னா நாம மண்ணால பொத்துவோம்" என்று சொல்லிவிட்டு, என் மாமியார் வாய்க்காலிலிருந்து ஒரு கை களிமண் அள்ளிக்கொண்டு வந்து, தேய்ந்த கல்லில் ஏறி, சிமெண்ட் காதின் குழிக்குள் அப்பி அடைத்தார். பூசாரி யோசித்தார். குதிரையை உடைக்கத்தான் கூடாது, மண் பூசுவதில் தோஷமில்லை என்று ஒப்புக்கொண்டார். அவருக்கும் வீட்டில் ஒரு பெண்டாட்டி இருந்தார்.

அந்த மண் காய்ந்து உதிர்ந்தால் இன்றைக்கும் யாரோ ஒருத்தி புதிதாக அடைத்துவிடுகிறாள். பீரங்கிச் சத்தத்துக்குப் பயந்து குதிரை காதை அடைத்துக்கொண்டது என்று நீங்கள் கூட்டத்துக்குச் சொல்கிறீர்களாமே. சொல்லுங்கள், அழகான கதை. அந்த நேரத்தில் ஊர்ப் பெண்கள் யாராவது இடது பக்கம் நின்றால் மட்டும் கூட்டத்தை வலது பக்கம் நகர்த்திக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு அந்தம்மா முதலில் வலது பக்கம் போனார். ஏறுவதற்கு அங்கே ஒழுங்கான படிக்கட்டு இருந்தது. முழங்கால் வலி என்பதால் நான் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன், அதனால் காதில் விழுந்துவிட்டது. "அம்மா போய்ச் சேந்துட்டா. நல்லபடியா சேந்துட்டா. நான் அவ மவ. நீ உக்காரு." அவ்வளவுதான். எத்தனையோ இடங்களில் எத்தனையோ பேருக்குக் கதை சொல்லியிருக்கிறேன், ஒருவர் சொல்லிக் கேட்டு நான் அழுதது அன்றைக்குத்தான்.

அவர் இறங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுற்றி நடந்து இடது பக்கத்துக் கல்லில் ஏறினார். பிடிக்க வேண்டாம் என்று எனக்குக் கையைக் காட்டினார். மண் அடைத்த காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துப் பேச ஆரம்பித்தார். கப்பலேற்றியவனைச் சொன்னாரோ, கங்காணியைச் சொன்னாரோ, போனவர்களைத் தேடாத இந்த ஊரைத்தான் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.

என் மாமியாருக்கு வந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கல்லுக்குக் கீழே போய் நின்றார்.

"ஆத்தா, கொஞ்சம் வெரசா முடிச்சிட்டு எறங்கு. மாப்ள இங்கதான் நிக்கிறாரு. எனக்கு இன்னிக்கு நெறய இருக்கு."

அந்தம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எங்கம்மா காலத்துலேருந்து நிக்கிறேன் நானு. இரு, உன் மொற வரும்" என்றார்.

என் மாமியார் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றார்.